போல்ட் ரைபிள் வாங்குகிறீர்களா? பணம் கொடுக்குமுன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

கொழும்பில் இருந்துகொண்டு தொழிற்சாலைத் தயாரிப்பான ஒரு போல்ட் ரைபிளை (போல்ட் என்ற பூட்டுத் தண்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு ரவையாக ஏற்றும் துவக்கை) வாங்குபவருக்கு உள்ள பெரிய சிக்கல், பொருள் பிழைத்தால் திருப்பி அனுப்ப வழியில்லை என்பது. அமெரிக்காவில் இருப்பவர் துவக்கைப் பெட்டியில் போட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார். இங்கே அதே காரியத்துக்கு ஏற்றுமதி அனுமதி, பிறகு மறுபடி இறக்குமதி அனுமதி. "வாழ்நாள் உத்தரவாதம்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பது நடைமுறையில் வெறும் எழுத்து. ஆகவே சோதனையெல்லாம் கையெழுத்து வைக்குமுன்னும், வாங்கிய முதல் சில வாரங்களுக்குள்ளும் முடிந்தாக வேண்டும்.

இந்தக் குறிப்பு இரண்டு வகையினருக்கு: முறையான அனுமதிப்பத்திரத்தோடு இங்கே குறிசுடும் விளையாட்டில் இருப்பவர்கள், கனடா, அவுஸ்திரேலியா என்று குடிபெயர்ந்து அங்கே வேட்டைக்குப் போக நினைப்பவர்கள். இலங்கைக் காட்டில் மான், மரை சுடலாமா என்று கேட்பவர்களுக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே பதில். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

1. முதலில் பத்திரம், பிறகுதான் துவக்கு

இலங்கையில் துவக்கு விடயம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. மேலே இருப்பது பாதுகாப்பு அமைச்சு. அனுமதிப்பத்திரம் ஆளுக்கு வழங்கப்படுவது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. துவக்கு கைமாறினால் பத்திரமும் கூடவே கைமாறிவிடும் என்று நம்பி முற்பணம் கொடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. "பேப்பர் எல்லாம் கிளியர், பெயரை மட்டும் மாத்தினால் சரி" என்று யாராவது சொன்னால், உங்கள் பெயரில் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

பத்திரத்தில் உள்ள தொடரிலக்கத்தையும், சுடுகுழலின் அளவையும், துவக்கின் உடலில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 8க்கும் 3க்கும், 0க்கும் 6க்கும் இடையே ஒரு எழுதுவினைஞரின் பேனா வழுக்கியிருந்தாலும் பின்னால் அலைவது நீங்கள்தான். ரவை எத்தனை வைத்திருக்கலாம் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கீழே 6ஆம் படியில் சொல்லும் சோதனைக்கு 45 ரவை போகும், பெட்டியாக வாங்கும்போது 60 கையில் இருக்கும்.

வெளிநாடு போகிறவர்கள் காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி நெறியில் சித்தியடைந்த பிறகே விண்ணப்பம். முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு. கிடைக்கும் உரிமம் 5 ஆண்டுக்கு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சென்டர்ஃபயர் (ரவையின் அடிப்பக்க நடுவில் ஊசி அடிக்கும் வகை) போல்ட் ரைபிள் "பி" வகுப்பில் வருகிறது. உரிமம் இருந்தாலும் ஒவ்வொரு துவக்குக்கும் தனித்தனியாக வாங்கும் அனுமதி எடுக்க வேண்டும். முதல் துவக்குக்கு அங்கேயும் 28 நாள். விடுமுறையில் வரும்போது கட்டுநாயக்காவில் கொண்டுவந்து இறக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், முன்அனுமதி இல்லாமல் அது நேரே சிக்கலில்தான் போய் முடியும்.

2. "ஒரு எம்ஓஏ" என்ற விளம்பரத்தை வாசிக்கும் விதம்

எம்ஓஏ (minute of angle) என்பது கோணத்தின் அளவு, ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 100 யாரில் 1.047 அங்குலம், 100 மீட்டரில் ஏறக்குறைய 29 மி.மீ. "எங்கள் துவக்கு ஒரு எம்ஓஏ சுடும்" என்றால் 100 மீட்டரில் சுட்ட துளைகளின் கொத்து 29 மி.மீ. அகலத்துக்குள் அடங்கும் என்று பொருள்.

எத்தனை துளைகள்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். டிக்கா, வெதர்பீ வாங்கார்ட் போன்றவற்றின் உத்தரவாதம் 3 சூட்டுக் கொத்துக்குத்தான். ஒரே துவக்கு, ஒரே ரவை, ஒரே கை. சூட்டின் எண்ணிக்கை கூடக் கூடக் கொத்து அகலும். புள்ளியியல் கணக்கின்படி 3 சூட்டுக் கொத்து சராசரியாக 1 எம்ஓஏ என்றால், அதே துவக்கின் 5 சூட்டுக் கொத்து 1.27, 10 சூட்டுக் கொத்து 1.58. துவக்கு கெட்டுப்போகவில்லை, குறைவாகச் சுட்டபோது அதன் உண்மையான பரவல் முழுவதும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பலரின் கைபேசியில் ஒரு படம் இருக்கும்: மூன்று துளை ஒன்றையொன்று தொட்டபடி, பக்கத்தில் ஒரு நாணயம். அதே பெட்டியிலிருந்து அடுத்து சுட்ட மூன்றின் படம் இருக்காது. விற்பவர் அப்படியொரு தாளைக் காட்டினால், தொடர்ந்து சுட்ட நான்கு தாள்களைக் கேளுங்கள்.

வேட்டைக்கு எவ்வளவு தேவை? மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறக்குறைய 20 செ.மீ. அகலம். 2 எம்ஓஏ துவக்கு 200 மீட்டரில் 12 செ.மீ.க்குள் போடும். 0.7 எம்ஓஏக்கும் 1.4 எம்ஓஏக்கும் உள்ள வித்தியாசத்துக்காக இரட்டிப்புப் பணம் கொடுப்பவர், முழங்காலில் இருந்து சுடும்போது தன் கையே 4 எம்ஓஏ ஆடுவதை மறந்துவிடுகிறார்.

3. எந்த விலைக்கு என்ன கிடைக்கிறது

கீழே உள்ளவை அமெரிக்கக் கடை விலையின் பருமட்டான எல்லைகள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதைவிடக் கூடும். இங்கே கப்பல் கூலி, வரி, முகவரின் பங்கு எல்லாம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதை எழுத்தில் விலைமனு வாங்கித்தான் அறியலாம்.

400 முதல் 600 டொலர்: சவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன். இந்த விலையில் குழல் மோசமாக இருக்கும் என்பது பழைய கதை. சவேஜ் குழலை ஒரு நட்டால் பூட்டுகிறது. சேம்பரின் (குழலின் பின்னால் ரவை உட்காரும் அறையின்) இடைவெளியைத் துல்லியமாக வைத்து இறுக்க அது மலிவான, நல்ல வழி. ரூகர் அமெரிக்கனில் துவக்கின் உடல் இரண்டு உலோகத் துண்டுகளில் உட்கார்ந்திருக்கும். குறை எங்கே என்றால், அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக் கட்டையில் (குழலையும் உடலையும் தாங்கி, தோளில் வைக்கும் பாகம்). முன்பகுதியை இரண்டு விரலால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடும். போல்ட் கரகரக்கும், ரவைப் பெட்டி (மகசின்) ஆடும். அழகில்லை, ஆனால் தாளில் துளை நன்றாக விழும்.

700 முதல் 1,200 டொலர்: டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500, அதே உடலில் வரும் வெதர்பீ வாங்கார்ட், பெர்காரா பி-14. முதல் துவக்குக்கு எங்கள் பரிந்துரை இந்த வரிசைதான், அதிலும் டிக்கா. பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாகோ தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், விசை (ட்ரிகர்) இழுபறியில்லாமல் சட்டென்று விடுபடும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தரத்தில் வேறுபாடு குறைவு. பழைய டி3 கையில் வந்தால், கட்டையில் பதித்திருக்கும் பின்னுதைப்புத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். டி3இல் அது அலுமினியம், உதைப்பில் நசுங்கியிருக்கலாம். டி3எக்ஸில் எஃகு.

1,500 டொலருக்கு மேல் நீங்கள் வாங்குவது வால்நட் கட்டை, மெருகு, நல்ல உலோகப் பாகங்கள். அவற்றுக்கு மதிப்பு உண்டு. கொத்தின் அகலம் மட்டும் விலையோடு சேர்ந்து குறையாது. மிஞ்சும் பணத்தை ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) அதன் வளையங்களுக்கும் ரவைக்கும் போடுவது புத்தி.

ரவை அளவைத் தெரிவதில் ஒரே விதி: எந்த ரவை உங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கிறதோ அந்த அளவு. .308 வின்செஸ்டர் பெரும்பாலானோருக்குப் போதும். .223 எடுக்கிறீர்கள் என்றால் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் சுருள் வரிகளின் முறுக்கு வீதத்தைப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீளமான, பாரம் கூடிய சன்னம் (ரவையிலிருந்து பிரிந்து பறக்கும் உலோகத் தலை) நிலையாகப் பறக்காமல் பக்கவாட்டாகத் தாளைக் கிழிக்கும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 77 கிரெயின் (சன்னத்தின் எடை அலகு) வரை தாங்கும்.

4. கடை மேசையில் 15 நிமிடம்

முதலில் போல்ட்டைத் திறந்து, சேம்பரும் ரவைப் பெட்டியும் வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். விற்பவர் பார்த்துவிட்டார் என்றாலும் நீங்கள் பாருங்கள்.

குழல்வாய்: சன்னம் குழலை விட்டுப் பிரியும் இடம். வாயின் உள்விளிம்பில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் வாயு ஒருபக்கமாகப் பிய்த்துக்கொண்டு வெளியேறி சன்னத்தைச் சாய்க்கும். பஞ்சுக் குச்சியை விளிம்பில் சுற்றுங்கள். நூல் சிக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. பழைய துவக்கில் இது மிகச் சாதாரணம். காரணம், துப்புரவுக் கம்பியை முன்பக்கத்தால் விட்டு ஆண்டுக்கணக்காகத் தேய்த்திருப்பார்கள்.

குழலுக்கும் கட்டைக்கும் இடைவெளி: ஒரு 20 ரூபாய்த் தாளைக் குழலுக்கு அடியில் கொடுத்து முன்னிருந்து பின்னுக்கு இழுங்கள். சேம்பருக்கு அருகே வரை தடையின்றிப் போக வேண்டும். பிறகு முன்கட்டையைக் கையால் இறுக்கிப் பிடித்து, மணல் மூட்டையில் வைத்ததுபோல அழுத்தியபடி மறுபடி இழுங்கள். மலிவான கட்டைகள் இந்த இரண்டாவது சுற்றில்தான் தோற்கும். சில மாதிரிகளில் முன்முனையில் வேண்டுமென்றே ஒரு அழுத்தப் புள்ளி வைத்திருப்பார்கள். அது இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் குறையல்ல.

போல்ட்டின் பூட்டுக் காதுகள் (போல்ட்டை உடலோடு பூட்டும் புடைப்புகள்): போல்ட்டை வெளியே எடுத்துக் காதுகளின் பின்முகத்தைப் பாருங்கள். சுட்ட துவக்கில் எல்லாக் காதிலும் தேய்ந்த பளபளப்பு ஏறக்குறைய சமமாகத் தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் பளபளப்பு என்றால் பாரம் முழுவதையும் அதுவே தாங்குகிறது. போல்ட்டில் தொடரிலக்கம் இருந்தால் உடலின் இலக்கத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் சேம்பர் இடைவெளியை அளக்காமல் ஒரு ரவையும் சுட வேண்டாம். .308க்கு அளவுக்கட்டை 1.630 அங்குலத்தில் போல்ட் மூட வேண்டும், 1.634இல் மூடக்கூடாது. இதைத் துவக்குத் திருத்துநரிடம் விடுங்கள்.

விசையும் பூட்டும்: விசையை இழுக்கத் தேவையான பாரம் 1.2 முதல் 1.8 கிலோ வரை இருந்தால் வேட்டைக்கு நல்லது. வெறுந்துவக்கில் போல்ட்டை மூடி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, விசையைப் பலமாக இழுத்து விடுங்கள். இப்போது பூட்டை எடுங்கள். எடுத்தவுடன், ரவையை அடிக்கும் ஊசி விழுந்தால் அந்தத் துவக்கு வேண்டாம். போல்ட்டைப் பத்துத் தடவை வேகமாக அடித்து மூடுங்கள். அப்போதும் ஊசி விழக்கூடாது.

திரும்பப் பெறப்பட்டவை: 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் ப்ரோ விசை உள்ள ரெமிங்டன் 700, மாடல் செவன் துவக்குகளை நிறுவனம் 2014இல் திரும்பப் பெற்றது. விசையைத் தொடாமலே சுடக்கூடும் என்பது காரணம். செக் நாட்டின் சிசெட் 600 வரிசையில் சில மாதிரிகளுக்கு 2022இல், குழல் பொருத்துவது தொடர்பாக, இதே நிலை. இரண்டாம் கையில் இவை வந்தால் திருத்தியதற்கான கடிதம் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ரவைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெடிமருந்து இல்லாத பயிற்சி ரவை நிரப்பி மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள், போதும்.

5. திருகுகள்: பாதித் துவக்குகளின் "நோய்" இங்கேதான்

குழல் சரியில்லை என்று புலம்பும் துவக்கை வாங்கிப் பார்த்தால், ஸ்கோப்பின் அடிப்பட்டைத் திருகு ஒன்று கையாலேயே சுற்றும். தொழிற்சாலையில் இறுக்கியதை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, அளவாக இறுக்குங்கள்.

உடலைக் கட்டையோடு பிணைக்கும் திருகு: வெறும் பிளாஸ்டிக், மரக் கட்டையில் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர், உலோகத் தூண் பதித்த கட்டையில் 7 வரை. ஸ்கோப் அடிப்பட்டை: 2.3 முதல் 2.8, நீலநிறத் திருகுப் பசை ஒரு துளி. வளையத்தின் மேல்மூடி: 1.7 முதல் 2, பசை வேண்டாம். கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மேல்மூடியைக் கூடுதலாக இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளே உள்ள வில்லைகள் இறுகும். திருப்புக் குமிழைச் சுற்றினாலும் குறி நகராது.

பஞ்சிகாவத்தையில் வாகனத்துக்கு விற்கும் முறுக்கு ஸ்பேனர் இதற்கு உதவாது. அவற்றின் அளவு தொடங்குமுன்னே உங்கள் திருகு முறிந்துவிடும். சைக்கிள் திருத்துபவர்கள் பாவிக்கும், 2 நியூட்டன் மீட்டரில் தொடங்குவதைக் கேளுங்கள். வெளிநாட்டுக் கையேடு அங்குல-பவுண்டில் இருந்தால் 8.85ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டர் வரும். இதை வகுக்காமல் 40 என்று வாசித்து 40 நியூட்டன் மீட்டர் வைத்தால் கட்டை பிளக்கும்.

6. சுடுதளத்தில் ஒரு காலை

ரவைக் கணக்கு: மூன்று வெவ்வேறு தயாரிப்பு அல்லது வெவ்வேறு எடையில் 10 படி 30. குறி சரிசெய்ய 10. குளிர்ந்த குழலின் முதற்சூட்டுக்கு 5. மொத்தம் 45; பெட்டி 20 என்பதால் மூன்று பெட்டி கையில் இருக்க வேண்டும். ஒரே வகை ரவையை வைத்துத் துவக்கைத் தீர்ப்பிட முடியாது. ஒரு ரவையில் 2.5 எம்ஓஏ போடும் குழல் இன்னொன்றில் 1.2 போடுவது அன்றாடம் நடப்பது.

முதல்நாளே குழலைப் பின்பக்கத்தால் துடைத்து உலர்த்துங்கள். தொழிற்சாலைக் காப்பெண்ணெய் உள்ளே இருந்தால் முதற்சூடு எங்கோ போகும்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கிவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு தரையிலிருந்து எழும் கானல் ஸ்கோப்பில் குறியை நீந்த வைக்கும். மெல்லிய வேட்டைக் குழல் சீக்கிரம் சூடாகும். 5 சூட்டுக்குப் பிறகு போல்ட்டைத் திறந்து நிழலில் 15 நிமிடம் விடுங்கள். எங்கள் வெக்கையில் 20 நிமிடமும் எடுக்கும். சேம்பருக்கு முன்னால் குழலைக் கையால் தொட்டுப் பிடிக்க முடிந்தால் தொடரலாம். இந்த வேகத்தில் முழுச் சோதனைக்கும் மூன்று மணித்தியாலம் வேண்டும்.

முன்னே ஒரு மணல் மூட்டை, பின்னே ஒன்று. முன்கட்டையை வையுங்கள், குழலை வைக்க வேண்டாம். 50 மீட்டர்த் தளம்தான் கிடைக்கிறது என்றால் கொத்தை இரண்டால் பெருக்கலாம். ஆனால் பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகள் 100 யாருக்குச் சீர்செய்யப்பட்டவை. 50 மீட்டரில் கண் சற்று விலகினாலும் குறி விலகும். தலையை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வைக்கப் பழகுங்கள்.

அளக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்று மிகத் தூரத்தில் உள்ள இரண்டு துளைகளின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை எடுத்து, சன்னத்தின் விட்டத்தைக் கழியுங்கள். .308க்கு அது 7.8 மி.மீ. ஒவ்வொரு தாளிலும் ரவையின் பெயர், எடை, பெட்டியின் தொகுதி எண், நேரம் எழுதுங்கள். விலகிய துளையை "அது என் பிழை" என்று விட்டுவிடும் பழக்கம் வேண்டாம். சுட்ட கணமே, தாளைப் பார்க்குமுன், கை ஆடியது என்று வாய்விட்டுச் சொன்னதை மட்டும் விலக்கலாம்.

7. தாள் என்ன சொல்கிறது

10 சூடு 1.5 எம்ஓஏக்குள் என்றால் மிக நல்ல துவக்கு. 2க்குள் என்றால் எதையும் மாற்றாமல் பாவியுங்கள்.

குழல் சூடாகச் சூடாகத் துளைகள் மேல்நோக்கியோ ஒருபக்கமாகவோ ஏணிபோல ஏறினால், கட்டை குழலைத் தொடுகிறது. 20 ரூபாய்த் தாளை மறுபடி எடுங்கள். தொடவில்லை என்றால் குழலின் உள்ளிறுக்கம், அதற்குக் குளிரவிடுவதுதான் மருந்து. இரண்டு தனிக் கொத்துகளாகப் பிரிந்து விழுந்தால், உதைப்பில் ஏதோ ஒன்று இரண்டு இடங்களுக்கு இடையே நகர்கிறது: உடல் திருகு, அடிப்பட்டை, அல்லது ஸ்கோப்பின் உள்ளே. கிடைக்கோட்டில் பரவினால் காற்று அல்லது விசை விரல். எங்கும் சிதறி 3 எம்ஓஏக்கு மேல் போனால், நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு ஸ்கோப்பை இரவல் வாங்கி மாட்டிச் சுடுங்கள். குழலைக் குற்றம் சொல்லுவது கடைசி.

திருகு, ஸ்கோப், மூன்று ரவை எல்லாம் பார்த்தும் 3க்கு மேல் என்றால், தாள்களோடும் குழல்வாயின் கிட்டப் படத்தோடும் விற்றவரிடம் போங்கள். 3 சூட்டு உத்தரவாதம் என்றால் 3 சூட்டுத் தாள்களையே காட்டுங்கள். 10 சூட்டுத் தாளைக் காட்டினால் "எங்கள் நிபந்தனை அதுவல்ல" என்ற பதில்தான் வரும்.

8. கொழும்புக் காற்றும் துவக்கும்

கடற்கரையிலிருந்து வரும் உப்பும் எப்போதும் இருக்கும் ஈரப்பதமும் துவக்கின் எதிரி. "துருப்பிடிக்காத" எஃகும் இங்கே துருப்பிடிக்கும், கொஞ்சம் ஆறுதலாக. பஞ்சு வைத்த உறையில் துவக்கைச் சேமிப்பது பெரிய பிழை. பஞ்சு ஈரத்தைக் குடித்து உலோகத்தோடு ஒட்டிவைக்கும். உறை பயணத்துக்கு மட்டும். பூட்டிய இரும்பு அலுமாரியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறியதும் சட்டியில் வறுத்து உலர்த்துங்கள். கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பகுதியில்தான் துரு முதலில் பிடிக்கும். மாதம் ஒருமுறை வெளியைத் துடைப்பவர்கள் அதை ஆண்டுக்கணக்காகப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டையைக் கழற்றி அங்கே மெழுகு பூசுங்கள். மீண்டும் பூட்டும்போது அதே முறுக்கு, அதற்குப் பிறகு குறியைச் சரிபார்க்க ஐந்து ரவை.

மரக் கட்டை என்றால் தென்மேல் பருவமழை தொடங்கியபின் ஜூனில் ஒருதடவையும், வறண்ட பெப்ரவரியில் ஒருதடவையும் 20 ரூபாய்த் தாளை இழுத்துப் பாருங்கள். பெப்ரவரியில் வழுக்கிய தாள் ஜூனில் சிக்கினால், மரம் ஊதிக் குழலை ஒருபக்கமாகத் தள்ளுகிறது. குழல் கிடக்கும் பள்ளத்தை உருண்டைக் கட்டையில் சுற்றிய 120 இலக்க மண்கடதாசியால் 1 மி.மீ. அகற்றி, உள்முகத்துக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். தொழிற்சாலைகள் வெளிப்பக்கத்தைப் பளபளக்க வைத்துவிட்டு உள்பக்கத்தை வெறும் மரமாக விட்டுவிடுவதுண்டு, விலைகூடிய துவக்குகளிலும்.